வன்டா ஓர்கிட்டை அடையாளம் காணுறது எப்பிடி? திருகோணமலை வளவில இருந்து காடு வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலையில ஓர்கிட் வளர்க்கிற ஆக்களிட்ட இது என்ன கண்டு எண்டு கேட்டா முதல்ல வாயில வாறது நிறம்தான். நீல வன்டா, மஞ்சள் வன்டா, புள்ளி வன்டா, அதுக்கு மேல கேட்டா தெரியாது. ஆனா வன்டாவைப் பொறுத்தவரை நிறம் எண்டது கடைசியாப் பாக்கவேண்டிய விசயம், ஏனெண்டா ஒரே இனத்துக்குள்ளயே ஒரு கண்டு பச்சை மஞ்சளாப் பூக்கும், பக்கத்து மரத்தில நிக்கிறது கபிலமாப் பூக்கும், கடையில வாங்கின கலப்பினம் எண்டா நிறம் ஒண்டையும் சொல்லாது. கண்டு வளருற விதம், இலை, பூவின்ர உதடு, நடுத்தூண், மகரந்தக் கட்டி, அதுக்குப் பிறகு நிறம். இந்த வரிசையை மாத்தாமப் போனா பேரினம் வரைக்கும் யாரும் வந்திடலாம், இனம் வரைக்கும் போறது எல்லா நேரமும் சரிவராது, சரிவராத இடத்தில நிப்பாட்டுறதும் இந்த வேலையில ஒரு பகுதிதான்.

முதல்ல வன்டா எண்டா என்ன எண்டதைச் சுருக்கமாச் சொல்லிடுறன். ஓர்கிட் குடும்பம் ஓர்கிடேசி, அதுக்குள்ள எபிடென்ட்ரொய்டியே எண்ட துணைக்குடும்பம், அதுக்குள்ள வன்டியே, அதுக்குள்ள ஏரிடினே எண்ட கூட்டம். இந்த ஏரிடினேக்குள்ள மட்டும் 80க்கு மேல பேரினம் இருக்கு, பலனொப்சிஸ், ஏரிடிஸ், ரிங்கோஸ்டைலிஸ், ரெனன்தேரா எல்லாம் வன்டாவுக்கு ஒண்டுவிட்ட சகோதரங்கள். எங்களுக்குத் தலையிடி தாறதும் இந்தச் சொந்தக்காரர்தான், வேற கூட்டத்து ஓர்கிட்டான டென்ரோபியத்தை வன்டா எண்டு குழப்புறது குறைவு, அகம்பேயை வன்டா எண்டு குழப்புறதுதான் கூட. வன்டா இந்தியா, இலங்கையில இருந்து தென்கிழக்காசியா, பிலிப்பைன்ஸ், ஜப்பான், நியூகினி, அவுஸ்திரேலியாவின்ர வடக்கு மூலை வரைக்கும் பரவிக் கிடக்கு.

கையில என்னென்ன வேணும்

பெரிய சாமான் ஒண்டும் தேவையில்லை. போன் கமரா, பிள்ளையளின்ர அடிமட்டம், 10 மடங்கு பெரிசாக் காட்டுற ஒரு கைவில்லை, ஒரு கொப்பி, பென்சில், பிறகு தென்னோலை ஈர்க்கு ரெண்டு மூண்டு. ஈர்க்கு என்னத்துக்கு எண்டு பிறகு சொல்லுறன், அதை விட்டிட்டுப் போகாதேங்கோ.

படி 1: கண்டு எப்பிடி வளருது

கண்டுக்கு முன்னால நிண்டு பூவைப் பாக்காம அடியில இருந்து நுனி வரைக்கும் பாருங்கோ. வன்டாவுக்கு ஒரே ஒரு தண்டு, அது நுனியில தொடர்ந்து மேல மேல வளர்ந்துகொண்டே போகும், இலை ரெண்டு பக்கமும் மாறி மாறி ரெண்டு வரிசையா வரும், தண்டின்ர பக்கத்தில இருந்து மொத்தமான வேர் காத்துக்குள்ள தொங்கும். அடியில குமிழ் இல்லை, வீங்கின தண்டு இல்லை. டென்ரோபியம், கட்லியா, ஒன்சிடியம் எல்லாம் வேற மாதிரி, அதுகள் ஒரு தண்டு வளர்ந்து முடிஞ்ச பிறகு அடியில இருந்து அடுத்த தண்டைப் போடும், பக்கவாட்டில நகர்ந்து போகும், கன நேரம் தண்டு வீங்கித் தண்ணி சேமிச்சு வைச்சிருக்கும். வன்டாவுக்கு அந்தச் சேமிப்புப் பை கிடையாது, அதின்ர சேமிப்பு இலையும் வேரும்தான், அதாலதான் ஆடி மாசக் கச்சான் காத்து அடிக்கேக்க தண்ணி விடாட்டி இலை சுருங்கித் தோல் மாதிரி ஆகிறது.

பூந்தண்டு எங்க இருந்து வருது எண்டதையும் பாருங்கோ. வன்டாவில அது இலைக் கக்கத்தில இருந்து பக்கமா வரும், நுனியில இருந்து ஒருநாளும் வராது. நுனியில பூ வந்திருந்தா அது வன்டா இல்லை, வேற எங்கயாவது தேடுங்கோ.

இந்தப் படி முடிய உங்களிட்ட மிஞ்சுறது ஏரிடினே கூட்டம், அவ்வளவுதான். வன்டா எண்டு இன்னும் எழுதாதேங்கோ.

படி 2: இலை

இலையில மூண்டு வகை இருக்கு. பட்டி இலை, உருண்டை இலை, ரெண்டுக்கும் நடுவில ஒரு அரை உருண்டை.

பட்டி இலை எண்டா நீட்டா, தோல் மாதிரித் தடிப்பா, நடு நரம்பில மடிஞ்சு குறுக்கா வெட்டிப் பாத்தா ஆங்கில வீ எழுத்து மாதிரி இருக்கும். இதுதான் உண்மையான வன்டா. இலையின்ர நுனியைக் கட்டாயம் பாருங்கோ, அது கூரா முடியாது, எலி கடிச்ச மாதிரி ஏறுமாறா ரெண்டு மூண்டு பல்லோட வெட்டுப்பட்டு நிக்கும். கன பேர் இதைப் பாத்திட்டுப் பூச்சி தின்னுது எண்டு மருந்து அடிக்கிறவை, அது கண்டின்ர இயல்பு.

உருண்டை இலை இருந்தா அது இப்ப வன்டா இல்லை, பபிலியோனான்தே. இதில கொஞ்சம் நிண்டு கதைக்கவேணும், ஏனெண்டா எங்கட பக்கத்தில வேலியோரம் கம்பு நட்டு ஏத்திவிட்டிருக்கிற ஊதா வெள்ளைப் பூ ஓர்கிட் கனக்க இந்த வகைதான், ஆக்கள் அதையும் வன்டா எண்டுதான் சொல்லுறவை. அதில ஆகப் பிரபலமானது மிஸ் ஜோக்கிம். சிங்கப்பூரில இருந்த ஆர்மேனியப் பெண் அக்னஸ் ஜோக்கிமின்ர பேரில 1893இல ரிட்லி எண்ட தாவரவியலாளர் அதை விவரிச்சு எழுதினவர், 1981இல சிங்கப்பூர் அதைத் தேசியப் பூவா அறிவிச்சது. அது ஒரு கலப்பினம், ஒரு பக்கம் பபிலியோனான்தே ஹூக்கெரியானா, மற்றப் பக்கம் பபிலியோனான்தே தெரெஸ். அந்தக் காலத்தில ரெண்டையும் வன்டாவுக்குள்ள வைச்சிருந்ததால பிள்ளையும் வன்டா எண்டு பேர் எடுத்திட்டுது. பபிலியோனான்தே எண்ட பேரினத்தை ஷ்லெக்டர் 1915இல பிரிச்சவர், ஆனா கண்டு விக்கிற ஆக்களின்ர வாயில இன்னும் வன்டாதான். இலை உருண்டையா இருக்கிறதோட பூவின்ர நடுவில ஆண் பகுதியும் பெண் பகுதியும் சேர்ந்து நிக்கிற நடுத்தூணுக்கு அடியில ஒரு பாதம் மாதிரி நீட்டு இருக்கும், உதடும் அகலமா விரிஞ்சு நிக்கும்.

அரை உருண்டை இலை எண்டா பயப்படவேண்டாம், அது பபிலியோனான்தேயையும் பட்டி வன்டாவையும் கலந்து எடுத்தது. காட்டில அப்பிடி ஒண்டைத் தேடாதேங்கோ, அது நர்சரிச் சாமான்.

உருண்டை இலையில இன்னொரு ஆள் லூசியா. பூந்தண்டு கட்டையா இலைக் கக்கத்தோட ஒட்டி நிக்கும், பூ சின்னன், உதடு அனேகமாக் கறுப்புச் சிவப்பு, தேன்பை கிடையாது. காட்டில கண்டா கண்டுபிடிக்கிறது சுகம், வளவில அதை ஒருத்தரும் வளர்க்கிறேல்ல.

படி 3: பூ, அதிலயும் முக்கியமா உதடு

ஓர்கிட் பூவில வெளிய மூண்டு புல்லி, உள்ள மூண்டு அல்லி. அந்த அல்லி மூண்டில ஒண்டுதான் வேற உருவத்துக்கு மாறி உதடு ஆகியிருக்கிறது. வன்டாவில மற்ற ரெண்டு அல்லியும் புல்லியள் மாதிரியேதான் இருக்கும், அடியில ஒடுங்கி நுனியில அகலும், சிலதில கொஞ்சம் முறுகி அலை அலையா நிக்கும். இதில நேரம் செலவழிக்கவேண்டாம், உதட்டுக்குப் போங்கோ.

வன்டா உதட்டில நாலு விசயம் பாருங்கோ. மூண்டு மடலா இருக்கோ, ரெண்டு பக்கமும் ரெண்டு சின்ன மடல், நடுவில ஒரு பெரிய மடல். அது நடுத்தூணின்ர அடியோட இறுக்கமா ஒட்டியிருக்கோ. பின்னால ஒரு கட்டையான கூம்பு மாதிரித் தேன்பை இருக்கோ. நடு மடலில மேடும் பள்ளமுமா வரி ஓடுதோ.

ஒட்டியிருக்கோ எண்டதைக் கண்ணால பாத்துச் சொல்ல ஏலாது, இங்கதான் ஈர்க்கு தேவை. ஈர்க்கின்ர நுனியால உதட்டை மெல்லமாத் தட்டுங்கோ. கீல் வைச்ச மாதிரி ஆடினா அது அரக்னிஸாவோ ரெனன்தேராவோ இருக்கும், ஆடாம நிண்டா வன்டாப் பக்கம். அரக்னிஸும் ரெனன்தேராவும் ஏறிப்போற நீட்டுத் தண்டு உள்ளதுகள், பூந்தண்டும் நீளம், ரெனன்தேராவில அது கிளை விடும், சிவப்புச் சிவப்பாப் பூ, கீழ் ரெண்டு புல்லியும் மற்றதுகளை விடப் பெரிசு.

தேன்பையைப் பாத்தா இன்னும் ரெண்டு பேர் கழிஞ்சு போயிடுவினம். பூவைப் பக்கவாட்டில பிடிச்சுப் பாருங்கோ. தேன்பை முன்பக்கமா வளைஞ்சு உதட்டுக்குக் கீழால மேல எழும்புது எண்டா ஏரிடிஸ், நல்ல வாசமும் இருக்கும், ஏரிடிஸ் ரிஞ்சென்ஸ் எண்ட இனம் இலங்கையில இயற்கையா இருக்கு. தேன்பை பக்கவாட்டில தட்டையாகி, உதடு மடல் பிரியாம ஒரே துண்டா இருந்து, பூ நெருக்கமா ஒரு தொங்கல் குலையில நிறைஞ்சிருந்தா அது ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா, நரிவால் எண்டு சொல்லுறது, இதுவும் எங்கட நாட்டுக் கண்டுதான். அசாம்காரர் பிகு கொண்டாட்டத்துக்குத் தலையில வைக்கிற கொப்பூ பூ இதுதான். பூ இல்லாத நேரம் இதின்ர இலையில வெளிறின கோடு ஓடுறதை வைச்சுச் சந்தேகப்படலாம்.

பலனொப்சிஸ் பற்றிச் சொல்லத் தேவையில்லை எண்டு நினைக்கிறன், தண்டே தெரியாது, அகலமான சதை இலை நாலஞ்சு, அதோட சரி.

இப்ப அகம்பே. எங்கட வறண்ட பக்கத்துக் காட்டில பூ இல்லாத நேரம் வன்டா எண்டு ஆக்கள் காட்டுற கண்டில ஒரு பங்கு இதுதான். அதே ஒற்றைத்தண்டு, அதே பட்டி இலை, அதே மொத்தமான வேர், நுனியும் வெட்டுப்பட்டு. வித்தியாசம் எங்க எண்டா அகம்பே இலை இன்னும் தடிப்பு, விறைப்பு, வளைச்சா முறியும் போல இருக்கும், வன்டா இலை நீண்டு வளைஞ்சு தொங்கும். பூ வந்தா சந்தேகமே இல்லை, அகம்பேப் பூ சின்னன், சதைப்பிடிப்பு, வடிவா விரியாது, மஞ்சளில சிவப்புக் கபில வரி, கட்டைத் தண்டில கூட்டமா நிக்கும்.

படி 4: நடுத்தூணும் மகரந்தக் கட்டியும்

இதைக் கன பேர் விட்டிட்டுப் போறவை, அதாலதான் பிழை வாறது. ஓர்கிட்டில ஆண் பகுதியும் பெண் பகுதியும் சேர்ந்து ஒரு தூணா இருக்கும். வன்டாவில அது கட்டை, மொத்தம், அதின்ர நுனியில ஒரு சின்னத் தொப்பி. அந்தத் தொப்பிக்குக் கீழ ஈர்க்கு நுனியை வைச்சு மெல்லமா மேல உயர்த்துங்கோ, பசை மாதிரி ஒரு தட்டு ஈர்க்கில ஒட்டிக்கொண்டு வெளிய வரும், அதோட ஒரு காம்பும் மஞ்சள் கட்டியும். தேனீக்கு நடக்கிறதும் இதுதான், அது பூவுக்குள்ள இருந்து வெளிய வரேக்க கட்டி அதின்ர உடம்பில ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும்.

இப்ப கைவில்லையை எடுங்கோ. வன்டாவில கட்டி ரெண்டு, ஒவ்வொண்டிலயும் ஒரு வெடிப்பு ஓடும், ரெண்டும் அகலமான ஒரே காம்பில நிக்கும். அரக்னிஸ், ரெனன்தேரா, அகம்பேயில கட்டி நாலு. டென்ரோபியத்திலயும் நாலு, ஆனா காம்பும் இல்லை பசைத் தட்டும் இல்லை. ஏரிடிஸ், ரிங்கோஸ்டைலிஸில வன்டா மாதிரி ரெண்டுதான், அதால அதுகளைப் பிரிக்க உதட்டுக்குத்தான் திரும்பிப் போகவேணும். கட்டி எடுத்த பூ கெதியா வாடும், அதால ஒரு தண்டில ஒரு பூவோட நிப்பாட்டுங்கோ. காட்டில ஒற்றைப் பூத்தான் நிக்குது எண்டா தொடவே வேண்டாம்.

ஒற்றைத்தண்டு, வீ மடிப்புப் பட்டி இலை, மூண்டு மடல் ஆடாத உதடு, கட்டைத் தேன்பை, வெடிச்ச கட்டி ரெண்டு. இவ்வளவும் பொருந்தினா வன்டா எண்டு எழுதலாம்.

ஒரு விதிவிலக்கு இருக்கு. 2012இல லிசா கார்டினர் எண்ட தாவரவியலாளர், டிஎன்ஏ ஆய்வுகளை வைச்சு அஸ்கோசென்ட்ரம், நியோபினேட்டியா மாதிரித் தனியா நிண்ட சின்னப் பேரினங்களையும் வன்டாவுக்குள்ள கொண்டுவந்தவ. அதால இப்ப வன்டாவுக்குள்ள ஏறக்குறைய 80 இனம். ஜப்பான்காரர் சாமுராய் காலத்தில இருந்து கொண்டாடுற நியோபினேட்டியா இப்ப வன்டா பல்காட்டா, அதின்ர தேன்பை மெல்லிசா நீண்டு வளைஞ்சிருக்கும், கட்டைத் தேன்பை விதி அதுக்குப் பொருந்தாது. எங்கட வெக்கைக்கு அந்தக் கண்டு வாறது அருமை எண்டதால நீங்கள் பெரிசா யோசிக்கத் தேவையில்லை.

படி 5: எந்த இனம்

இலங்கையில இயற்கையா இருக்கிற வன்டா கொஞ்சம்தான், அது எங்களுக்கு வசதி.

வன்டா டெசலாட்டா. திருகோணமலை ஆக்கள் முதல்ல தெரிஞ்சுகொள்ளவேண்டியது இது, வறண்ட பக்கத்துக் கண்டு. தண்டு அனேகமா ரெண்டு அடிக்கு உள்ள, இலை ஒடுக்கம், வளைஞ்சு தொங்கும். ஒரு பூந்தண்டில 6இல இருந்து 10, 12 பூ வரைக்கும் வரும், ஒவ்வொண்டும் 4 தொடக்கம் 5 சென்ரிமீற்றர். புல்லியிலயும் அல்லியிலயும் மஞ்சள் பச்சை அல்லது சாம்பல் நீலத்துக்கு மேல கபிலக் கோடு வலை போட்ட மாதிரி ஓடும், ஓரம் அலை அலையா நிக்கும், பின்பக்கம் வெள்ளை. உதட்டின்ர நடு மடல் ஊதா, நடுவில ஒடுங்கி நுனியில அகண்டு, நுனி நடுவில ஒரு வெட்டு. பக்க மடல் வெள்ளை. வாசம் இருக்கு. பின்பக்க வெள்ளையை ஒருத்தரும் பாக்கிறேல்ல, போட்டோ எடுக்கேக்க பூவைத் திருப்பி ஒண்டு எடுங்கோ, பிறகு சந்தேகம் வந்தா அதுதான் கைகொடுக்கும்.

இந்த இனத்தின்ர பேர் மாறின கதை வகைப்படுத்தல் எப்பிடி நடக்குது எண்டு விளங்கிறதுக்கு நல்ல உதாரணம். 1795இல ரொக்ஸ்பரோ எண்டவர் சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி எழுதின பெரிய புத்தகத்தில இதை எபிடென்ட்ரம் டெசலாட்டம் எண்டு போட்டவர். அந்தக் காலத்தில மரத்தில ஒட்டி வளருற ஓர்கிட் எண்டா கனக்க எபிடென்ட்ரம் எண்ட ஒரே மூட்டைக்குள்ளதான். அதே 1795இல வில்லியம் ஜோன்ஸ் எழுதின குறிப்பில வன்டா எண்ட பேர் அச்சில வந்தது. 1820இல ரொபட் பிரௌன் வன்டாவை முறையான பேரினமா நிறுவி, அதுக்கு அடிப்படையா வைச்ச கண்டுக்கு வன்டா ரொக்ஸ்பர்கி எண்டு பேர் வைச்சவர். அந்தக் கண்டும் டெசலாட்டாவும் ஒண்டுதான். பிறகு விதிப்படி பழைய இனப்பேருக்குத்தான் உரிமை எண்டு டெசலாட்டா திரும்பி வந்திட்டுது. ஆக, வன்டா எண்ட முழுப் பேரினமும் எந்தக் கண்டை வைச்சு நிக்குதோ அந்தக் கண்டு எங்கட காட்டுப் பாலை மரத்திலயோ புளிய மரத்திலயோ தொங்கலாம். இதை வைச்சுக்கொண்டு நீலப் பூக் கலப்பினத்துக்கு ஆயிரக்கணக்கில காசு குடுக்கிறதைப் பாத்தா எனக்குக் கொஞ்சம் சிரிப்பாத்தான் இருக்கும்.

வன்டா டெஸ்டாசியா, பழைய பேர் பார்விபுளோரா. பூ சின்னன், ஒண்டரை சென்ரிமீற்றர் அளவு, மங்கல் மஞ்சள், உதடு மட்டும் நீல ஊதா. அளவைப் பாத்தாலே டெசலாட்டாவோட குழம்பாது, அடிமட்டம் கொண்டுபோகச் சொன்னது அதுக்குத்தான். போட்டோவில ரெண்டும் ஒரே அளவாத் தெரியும்.

வன்டா துவைட்டெசி அருமையானது, பேராதனைப் பூங்காவை நடத்தின துவைட்ஸின்ர பேரில வந்தது, ஈரப் பக்கத்துக் கண்டு. திருகோணமலையில கண்டன் எண்டு யாரும் சொன்னா திரும்ப ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ.

பிறகு ஸ்பத்துலாட்டா. பொன் மஞ்சள் பூ, தண்டு நீண்டு பத்தையில ஏறி வளரும், இலை கட்டையா இடைவெளி விட்டு விட்டு, பூந்தண்டு நேரா நீளமா எழும்பும். இலங்கையிலயும் தென்னிந்தியாவிலயும் மட்டும் உள்ள கண்டு. கன காலம் வன்டா ஸ்பத்துலாட்டா எண்டுதான் இருந்தது, 1992இல கிறிஸ்டென்சன் எண்டவர் இதுக்கெண்டு டப்ரோபனியா எண்ட தனிப் பேரினம் வைச்சவர், இலங்கையின்ர பழைய பேரை எடுத்து. பழைய புத்தகத்தில ஒரு பேர், லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின்ர இணையப் பட்டியலில இன்னொரு பேர் எண்டு இருந்தா குழம்பாம ரெண்டையும் கொப்பியில எழுதிவைச்சிடுங்கோ.

படி 6: கடையில வாங்கின கண்டு

கண்டியால, கொழும்பால வாற கண்டில பெரும்பங்கு கலப்பினம். இதுகளுக்கு மேல சொன்ன இனப்பேர் எதையும் ஒட்டக்கூடாது. பேரினம் வரைக்கும் சரி, அதுக்கு மேல லேபிள் இல்லாட்டி இல்லைத்தான்.

ஆனா பெற்றோரை ஓரளவு ஊகிக்கலாம். பெரிய தட்டையான வட்டப் பூ, அல்லிகள் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி நிக்குது, உதடு பூவோட பாக்கேக்க சின்னன் எண்டா பிலிப்பைன்ஸின்ர மின்டனாவோத் தீவில இருந்து வந்த வன்டா சண்டேரியானா ரத்தத்தில இருக்கு. நீல ஊதாவில வலைக்கோடு எண்டா வன்டா கொருலியா, அசாம், மியன்மார் மலைப்பக்கத்தது. இந்த ரெண்டையும் கலந்து எடுத்ததுதான் ரொத்சைல்டியானா, 1931இல பதிஞ்சது, நீங்கள் பாக்கிற நீல வன்டாவில கனக்க அதின்ர வழித்தோன்றல்தான். அசல் கொருலியா குளிர் மலைக் கண்டு, உப்புவெளி வெயிலில செழிச்சு நிக்குது எண்டா அது அசல் இல்லை எண்டு ஏறக்குறைய உறுதியாச் சொல்லலாம்.

இங்க ஒரு பொறி இருக்கு. வலைக்கோட்டைக் கண்டவுடன டெசலாட்டா எண்டு எழுதுறது. கலப்பினத்திலயும் வலை வரும். டெசலாட்டாவில அல்லி ஒடுக்கம், இடைவெளி தெரியும், ஓரம் அலை. கலப்பினத்தில அல்லி அகலம், இடைவெளி இல்லை, தட்டை.

சின்னக் கண்டு, செம்மஞ்சள், கடுஞ்சிவப்பு, சின்னச் சின்னப் பூ நிறைய நிமிர்ந்து நிக்குது எண்டா அஸ்கோசென்ட்ரம் ரத்தம். முந்தி இதுகளை அஸ்கோசென்டா எண்டு எழுதினவை, அஸ்கோசென்ட்ரம் வன்டாவுக்குள்ள போன பிறகு இதுகளும் வெறும் வன்டாதான். மொக்காரா எண்டு விக்கிறது அரக்னிஸ், அஸ்கோசென்ட்ரம், வன்டா மூண்டும் சேர்ந்தது, புதுக் கணக்குப்படி பாத்தா அரக்னிஸ், வன்டா சேர்ந்த அரண்டாவுக்குள்ள போகும், ஆனா வியாபாரத்தில மொக்காரா எண்ட பேர் போகாது, போகவும் தேவையில்லை. தண்டு நீண்டு, பூ நட்சத்திரம் மாதிரி விரிஞ்சு, வெட்டுப்பூவா விக்கிறது எண்டா முதல்ல இதை நினையுங்கோ.

ஓர்கிட் கலப்பினப் பேரெல்லாம் லண்டன் ரோயல் ஹோட்டிகல்சுரல் சொசைட்டியில பதியப்படுது. அதால கண்டு வாங்கேக்க சாடியில குத்தியிருக்கிற பிளாஸ்ரிக் லேபிளைக் கேட்டு வாங்குங்கோ. அதைப் பிடுங்கி எறியிற பழக்கம் இருக்கு, வடிவில்லை எண்டு. அந்தத் துண்டு போனா அந்தக் கண்டின்ர பேரை எந்த நிபுணரும் திருப்பித் தரமாட்டார், பூவை மட்டும் பாத்து ஆயிரக்கணக்கான கலப்பினத்தில ஒண்டைச் சொல்ல ஏலாது. இன்ன இன்ன எண்டு உறுதியாச் சொல்லுற ஆளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடதான் பாப்பன்.

படி 7: பூ இல்லாத கண்டு

கந்தளாய்ப் பக்கமோ கன்னியாவுக்கு உள்ளயோ மரத்தில ஒண்டு தொங்குது, பூ இல்லை. அப்ப பழைய பூந்தண்டு காஞ்சு நிக்குதோ பாருங்கோ, அதின்ர நீளமும் பூ விழுந்த தழும்பு எத்தினை எண்டதும் ஒரு தடயம். காய் இருந்தா இன்னும் நல்லது. நீளமான தண்டில தனித்தனியா, நீட்டு வரம்பு வைச்ச காய் எண்டா வன்டாப் பக்கம், கட்டைத் தண்டில நெருக்கிக் குலையா எண்டா அகம்பேப் பக்கம். ரெண்டும் இல்லாட்டி கொப்பியில ஏரிடினே எண்டு மட்டும் எழுதிப்போட்டு, மரத்தைக் குறிச்சு வைச்சிட்டு வாங்கோ, பிறகு ஒருக்காப் போய்ப் பாக்கலாம். தனியாப் போகாதேங்கோ, யானை நிக்கிற இடங்கள் அது.

கண்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்ட வந்து பூக்கவைச்சுப் பாப்பம் எண்டு மட்டும் நினைக்கவேண்டாம். ஒதுக்குக் காட்டில இருந்து கண்டு எடுக்கிறது சட்டப்படி குற்றம், 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்க வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் திருத்தங்களோட இருக்கு, ஓர்கிட் குடும்பம் முழுக்க, அழியிற ஆபத்தில உள்ள உயிரினங்களின்ர சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில இருக்கிறதால அனுமதிப்பத்திரம் இல்லாம நாடு விட்டு நாடு கொண்டுபோகவும் ஏலாது, வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரர் பெட்டிக்குள்ள வைச்சுக்கொண்டு போறன் எண்டா இதைச் சொல்லிப்போடுங்கோ. சட்டத்தை விடு, மரத்தில ஒட்டின வேரை உரிச்செடுத்தா அந்தக் கண்டு பாதி செத்த மாதிரித்தான். காத்தில விழுந்த கொப்போட கிடந்தா அது வேற கதை, அதையும் பக்கத்து மரத்தில கட்டிவிடுறதுதான் நல்லது.

படி 8: பதிவு

ஒவ்வொரு கண்டுக்கும் ஆறு போட்டோ. முழுக் கண்டு, இலை நுனி, பூ முன்பக்கம், பூ பக்கவாடு தேன்பை தெரியிற மாதிரி, பூ பின்பக்கம், அடிமட்டத்தோட உதடு. வெள்ளைத் தாள் ஒண்டைப் பின்னால பிடிச்சா நிறம் ஓரளவு சரியா வரும், பின்னேர மஞ்சள் வெளிச்சத்தில எடுத்தா எல்லா வன்டாவும் டெஸ்டாசியா மாதிரித்தான் தெரியும். கொப்பியில திகதி, இடம், எந்த மரம், நிலத்தில இருந்து எவ்வளவு உயரம், வெயிலா நிழலா, வாசம் இருக்கோ, வாசம் எண்டா காலமையா பின்னேரமா. இடத்தை உங்கட கொப்பியில துல்லியமா எழுதுங்கோ, வெளியில போட்டோ பகிரேக்க கிராமத்தின்ர பேரோட நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி அடுத்த கிழமை அந்த மரத்தில கண்டு இருக்காது.

ஒரு பூவைக் கழட்டி எடுக்க அனுமதி உள்ள இடம் எண்டா, உங்கட சொந்தக் கண்டு எண்டா இன்னும் நல்லது, அதை 70 வீத அற்ககோலில ஒரு சின்னப் போத்தலில போட்டு வைக்கலாம். நிறம் போயிடும், உதட்டின்ர உருவமும் கட்டியும் அப்பிடியே நிக்கும், நிறத்தைத்தான் போட்டோ எடுத்திட்டமே. புத்தகத்துக்க வைச்சு அமத்திக் காயவைச்சா வன்டா உதடு நசிஞ்சு ஒண்டும் விளங்காது. பேராதனையில காயவைச்ச தாவர மாதிரியளைச் சேர்த்து வைச்சிருக்கிற தேசிய ஹெர்பேரியம் இருக்கு, பூங்காவில ஓர்கிட் வீடும் இருக்கு, கண்டிக்குப் போற நேரம் போட்டோக்களைக் கொண்டுபோய் உயிருள்ள கண்டோட ஒப்பிட்டுப் பாக்கலாம்.

பேர் எழுதேக்க உறுதியா இருந்தா வன்டா டெசலாட்டா, கிட்டத்தட்ட அதுதான் ஆனா உறுதி இல்லை எண்டா நடுவில சிஎஃப் (cf., ஒப்பிட்டுப் பாக்க எண்டு அர்த்தம்) எண்டு போட்டு எழுதுறது வழக்கம், பேரினம் மட்டும் தெரிஞ்சா வன்டா எஸ்பி (sp., ஏதோ ஒரு இனம் எண்டு அர்த்தம்). சாடியில வைக்கிற லேபிளைப் பென்சிலால எழுதுங்கோ, மார்கழி மழைக்குப் பேனை மை ஒரு கிழமையும் நிக்காது, பென்சில் எழுத்து வருசக்கணக்கா நிக்கும்.